மிதவைச் சட்டை

கடல் கடந்து வந்த குலம் நம்முடையது. 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பலின் மேற்றட்டில் பாய் விரித்துப் படுத்து, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குத் துறையில் வந்திறங்கியவர்களின் பேரரும் கொள்ளுப் பேரரும் இன்று இத்தீவிலும் எதிர்க்கரையிலும் நிறைந்திருக்கின்றனர். ஆயினும் நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? நேயர்கள் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே இக்கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். நம்மைப் பொறுத்தவரை, 28 வயது நிரம்பிய பின்னரே நீந்தக் கற்றோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். கற்ற பின்னும் பேதைமை நம்மை விட்டகலவில்லை என்பதற்குச் சாட்சியே இக்கட்டுரை.

நாம் செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பதும், மாலையில் எத்தனை குலை இறங்கிற்றென்று கணக்கெழுதுவதும் நம் தொழில். ஞாயிறுதோறும் பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, ஜார்ஜ் டவுனிலுள்ள தமக்கையார் வீட்டிற்குப் போவது வழக்கம். 2023-ஆம் ஆண்டு முதல் ஓடும் புதிய பெரிகள் இரட்டை உடல் கொண்டவை. அவ்வகைப் படகுக்கு உலகத்தார் வழங்கும் பெயர் நம் 'கட்டுமரம்' என்னும் சொல்லின் திரிபே. பெயரைக் கொடுத்த நாம் பெரியில் பிரயாணிகளாய் உட்கார்ந்து போகின்றோம்!

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமக்கையார் வீட்டு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நீண்ட மஞ்சள் நிறப் படகொன்று கிடந்தது. பத்து பிரிங்கியில் ஒரு விடுதிக்காரர் பழையதென்று கழித்துவிட்ட இருவர் கயாக்கு. தமக்கையாரின் கணவர் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்டுவிட்டுச் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிவிட்டார். 11 வயது மருமகன் அதன்மேல் குதிரையேறியதுபோல் உட்கார்ந்திருந்தான். "மாமா, எப்போது கடலில் விடலாம்?" என்றான். தமக்கையார் நம் முகத்தைப் பார்த்தார். பிள்ளையின் தகப்பனார் ஊரிலில்லாதபோது பொறுப்பு தாய்மாமனுடையதன்றோ? "மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது" என்று அதிகாரமாய்ச் சொல்லி வைத்தோம்.

சொல்லிவிட்டு லைப் ஜாக்கெட் விலை விசாரித்தோம். நல்ல சட்டை இரண்டு வாங்குவதென்றால் அம்மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பகுதி போய்விடும் எனத் தெரிந்தது. அப்பொழுதுதான், 'நாமே ஏன் செய்துகொள்ளலாகாது?' என்னும் எண்ணம் முளைத்தது. சிக்கனம் பாதி, கர்வம் பாதி.

கர்வத்திற்கு ஆதாரமில்லாமலுமில்லை. கயாக்கு என்பதே வீட்டில் பிறந்த பொருள். வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுவிட் மக்கள் கண்ட படகு அது. மரமோ எலும்போ சட்டமாக, கடல்நாயின் தோல் போர்வையாக, ஓட்டுகிறவனின் உடலளவுக்கே அதை அமைத்தார்கள். அவன் அணியும் தோற்சட்டையின் கீழ்விளிம்பைப் படகின் வாய்வளையத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். அலை மேலே புரண்டாலும் நீர் உள்ளே புகாது. அச்சட்டைகளைத் தைத்தவர்கள் வீட்டுப் பெண்கள். ஊசி தோலை முழுவதும் துளைத்து மறுபுறம் வந்தால் அத்துளை வழியே நீர் கசியும். ஆதலால் தோலின் பாதிக் கனத்திலேயே ஊசியைத் திருப்பி, ஒரு தையலின்மேல் இன்னொரு தையல் போட்டார்கள். குளிர்நீரில் கணவனும் மகனும் உயிரோடு திரும்புவது அத்தையலைப் பொறுத்திருந்தது. எழுத்தறியாப் பெண்கள் செய்ததை எழுத்தறிந்த கிராணி செய்ய முடியாதா என்று எண்ணினோம். அப்பெண்களின் கைக்குப் பின்னால் எத்தனை தலைமுறையின் சோதனை நின்றது என்பதை எண்ணவில்லை.

நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். ஆர்க்கிமிடீசின் விதியை ஆங்கிலத்தில் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசு பெற்றதுண்டு. நீரில் அமிழ்ந்த பொருளை, அது விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளும் என்பதே அவ்விதி. மனித உடல் நீரைவிட மிகக் கனமானதன்று. நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் பலர் மிதக்கவே செய்வர். தலையின் எடை 4 முதல் 5 கிலோ. அதை நீருக்குமேல் நிறுத்திவைக்கச் சில கிலோ அளவு மிதப்பு போதும். நற்சாட்சிக் குறியுள்ள மிதவைச் சட்டைகளில் மிகச் சிறிய வகைக்குப் பன்னாட்டுத் தரவிதி குறிப்பது, வளர்ந்தவருக்கு 50 நியூட்டன், அதாவது சுமார் 5 கிலோ. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். ஆகவே 5 லிட்டர் காற்றைத் துணியில் அடைத்தால் காரியம் முடிந்தது எனச் செக்ரோல் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டு, அடியில் இரட்டைக் கோடும் கிழித்தோம்.

தமக்கையாரின் மாமியார் 80 வயதை நெருங்கியவர். நிபோங் தெபால் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். நம் கணக்கைப் பார்த்து, "தம்பி, எங்க அண்ணன் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கிட்டுத்தான் வாய்க்காலில் நீந்தப் பழகினான். அதுக்கு இத்தனை கணக்கா?" என்று கேட்டார். உண்மைதான். காய்ந்த சுரைக்குடுக்கை, நெற்றுத் தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டிய கட்டு, வாழைத்தண்டு இவையே நம் நாட்டுக் கிணறுகளிலும் குளங்களிலும் பிள்ளைகளைத் தாங்கிய மிதவைகள். 'அக்குடுக்கையை எங்கே கட்டுவார்கள், எப்படிக் கட்டுவார்கள், யார் அருகில் நிற்பார்கள்?' என்று அவரிடம் நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழி இவ்வளவு பொருத்தமாக வாய்க்கும் என்று யார் கண்டார்?

வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை அடைப்பதா, நுரைத் தகடுகளை அடைப்பதா என்பது முதற்கேள்வி. போத்தல் விலையின்றிக் கிடைக்கும். ஆனால் மூடி தளர்ந்தால் நீர் புகும், பாறையில் மோதினால் நசுங்கும், விலாவிலும் குத்தும். ஆகவே, கண்ணாடிச் சாமான் உடையாதபடி பெட்டிகளில் வைத்து வரும் வெள்ளை நுரைத் தகடுகளைச் சேர்த்தோம். அவற்றின் கண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை, நீர் குடியா. தோளுக்கு மட்டும் மெத்தென்றிருக்கட்டும் என்று பழைய நாற்காலி மெத்தையின் ஸ்பாஞ்சை வெட்டி வைத்தோம். மழைச்சட்டைத் துணி, பள்ளிப் பையிலிருந்து கழற்றிய வார், கொக்கி இவ்வளவும் எடுத்துக்கொண்டு தெரிந்த தையற்காரர் ஒருவரிடம் சென்றோம். அவர் பருத்தி நூல் உப்புநீரில் இற்றுவிடும் என்று சொல்லிப் பாலியெஸ்டர் நூலால் இரட்டைத் தையல் போட்டார். முடித்துக் கொடுக்கும்போது, "கிராணியாரே, தையலுக்கு நான் பொறுப்பு. மற்றதற்கு நீங்கள்தான்" என்றார். அச்சொல் அன்றிரவு நம் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தது. நல்ல வேளையாக ஒலித்தது.

கடலில் விடுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். முதற்சோதனை வாளியில். சட்டையொன்றைக் கல்லேற்றி நீருக்குள் அமிழ்த்தி இரவு முழுவதும் வைத்தோம். காலையில் எடுத்தபோது தோட்பகுதி நீர் குடித்து ஈரமூட்டை போல் தொங்கிற்று. ஸ்பாஞ்சின் கண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்து கிடப்பவை. நீரைக் குடிப்பதே அதன் குணம். பாத்திரம் கழுவுகிற எவருக்கும் தெரிந்த இதனை நாம் ஒரு வாளி நீரும் ஓர் இரவும் செலவிட்டு அறிந்தோம். ஸ்பாஞ்சைப் பிய்த்தெறிந்து நுரைத் தகடு வைத்தோம்.

இரண்டாம் சோதனை தஞ்சோங் பூங்கா கடற்கரையில், காற்றில்லாத காலை வேளையில், இடுப்பளவு நீரில். முதலில் நாம் அணிந்து கால்களை மடக்கினோம். சட்டை மிதந்தது, நாம் மிதக்கவில்லை! அதாவது, சட்டை நம்மை விட்டுவிட்டுத் தான் மேலேறிக் காதுவரை வந்து நின்றது. நம் வாய் நீர்மட்டத்தில் இருந்தது. இடுப்பில் இறுக்கமில்லை, கால்களுக்கிடையே பிடித்திழுக்கும் வாருமில்லை. கையால் விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டால் சரியாயிருந்தது. வார்களை மேலும் இறுக்கினால் போதும் என்று எண்ணி, மருமகனுக்கு அவனுடைய சட்டையை அணிவித்து இறுக்கிக் கட்டினோம்.

"மாமா, மிதக்குது!" என்று கூவினான். கூவியவன் கைதட்ட முன்னால் குனிந்தான். அவ்வளவுதான். முன்புறம் திறப்பு இருந்ததால் அங்கே நுரை குறைவு. முதுகுப் பக்கம் முழுத்தகடு. முதுகு மேலெழும்பிற்று, முகம் நீருக்குள் கவிழ்ந்தது. பள்ளிப்பைக் கொக்கி ஒரு பக்கம் நழுவிற்று. அவன் கால்கள் மணலைத் தேடி உதைத்தன. சட்டை அவனை நிமிரவிடவில்லை. நாம் பக்கத்தில் நின்றோம், தூக்கிவிட்டோம். மூன்று வினாடிக்கு மேலிராது. அவன் இருமினான், பின்பு சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையை மிதக்கச் செய்த பொருளே அவன் முகத்தை நீருக்குள் அழுத்தியதைக் கண்ணாரக் கண்டோம். மிதப்பது வேறு, மூச்சு விடுவது வேறு என்பதை நாம் கற்ற ஆங்கிலப் புத்தகம் சொல்லவில்லை. அல்லது சொல்லியும் நாம் படிக்கவில்லை.

அன்று கரையில் உட்கார்ந்திருந்தபோது, 9 வயதில் நாம் கண்ட காட்சியொன்று கண்முன் வந்தது. தோட்டத்துப் பெரிய வாய்க்காலில் நம் விளையாட்டுத் தோழன் ஒருவன் மூழ்கி இறந்தான். மழைவிட்ட மறுநாள், கரை வழுக்கிற்று. தூக்கிக்கொண்டு வந்து லயத்துத் திண்ணையில் கிடத்தினார்கள். அவன் அரைஞாண்கயிற்றில் தாயத்து இருந்தது. பெரியவர்கள் 'விதி' என்றார்கள். அத்தாய் ஒன்றும் சொல்லவில்லை. அன்றுமுதல் 'விதி' என்னும் சொல்மீது நமக்குக் கோபம் உண்டு. அவ்வாய்க்காலுக்கு ஒரு வேலியும், அருகில் ஒரு கயிறும், அவனுக்கு நீச்சலும் இருந்திருந்தால் விதிக்கு அங்கே என்ன வேலை? ஆனால் இப்பொழுது நினைத்துப் பார்த்தால், நாம் தைத்த சட்டையும் ஒரு தாயத்தே. சோதிக்காமல் நம்பிய பொருள் எதுவாயினும், அதில் மந்திரம் எழுதியிருந்தாலென்ன, ஆர்க்கிமிடீசின் கணக்கு எழுதியிருந்தாலென்ன?

நிற்க. இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. மிதவைச் சட்டையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது முழுவதுமே சோதனையும் சோதனையின்மையுமாக இருக்கக் கண்டோம். இங்கிலாந்தின் உயிர்மீட்புப் படகுச் சங்கத்தில் கப்பற்படைத் தலைவர் வார்டு என்பவர் 1854-இல் தக்கைத் துண்டுகளைத் துணியில் கோத்து ஒரு சட்டை அமைத்தார். 1861 பிப்ரவரியில் விட்பி என்னும் ஊரில் புயலில் சென்ற மீட்புப் படகு கவிழ்ந்து, 13 பேரில் 12 பேர் மாண்டனர். பிழைத்தவர் ஹென்றி பிரீமன் ஒருவரே. அப்புதிய தக்கைச் சட்டையை அன்று அணிந்திருந்தவரும் அவர் ஒருவரே.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 1904 ஜூன் 15-ஆம் நாள் நியூயார்க் நகரத்து ஆற்றில் 'ஜெனரல் ஸ்லோகம்' என்னும் உல்லாசக் கப்பல் தீப்பற்றிற்று. மாதா கோயில் சபையொன்றின் விருந்துக்குச் சென்ற பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். கப்பலில் தக்கைச் சட்டைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை 13 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் தொங்கிக் கிடந்தவை. துணி இற்று, தக்கை தூளாகியிருந்தது. குழந்தைகளுக்கு அவற்றைக் கட்டி நீரில் இறக்கிய தாய்மார், குழந்தைகள் கல்லைப்போல் அமிழ்வதைக் கண்டனர். கப்பலைப் பரிசோதித்துச் சரியென்று கையெழுத்திட்ட அதிகாரிகளும் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. கடைச்சரக்கு என்பதாலோ, முத்திரை விழுந்தது என்பதாலோ ஒரு பொருள் உயிரைக் காத்துவிடாது.

தக்கைக்குப் பின் வந்தது நம் இலவம்பஞ்சு. அதன் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்த மெல்லிய குழல்; மேலே நீர் ஒட்டா மெழுகுப் பூச்சு. இரண்டு உலகப் போர்களிலும் மாலுமிகளின் சட்டைகளில் அதுவே அடைக்கப்பட்டது. உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி சாவகத்திலிருந்து சென்றது. 1942-இல் ஜப்பானியர் சாவகத்தைப் பிடித்தவுடன் அமெரிக்காவுக்குப் பஞ்சு நின்றுபோயிற்று. 1944-இல் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வயலோரங்களில் திரிந்து, நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் காய்களைப் பைபையாய்ப் பறித்துக் கொடுத்தனர். இரண்டு பை காயின் பஞ்சு ஒரு சட்டைக்குக் கணக்கு. ஆயினும், அப்பிள்ளைகள் சட்டையைத் தைக்கவில்லை, காயைப் பறித்தார்கள். தைப்பதும் சோதிப்பதும் அறிந்தவர்களிடம் விடப்பட்டன. நமக்கும் அங்கேதான் வழி புலப்பட்டது.

எதைப் பிழையாகச் செய்தால் பொருள் மட்டும் போகுமோ, அதை நம் கையால் செய்வோம். எதைப் பிழையாகச் செய்தால் உயிர் போகுமோ, அதைச் சோதனை முறை அறிந்தவர் செய்ததாகவே வாங்குவோம் என்று ஒரு வரம்பு வகுத்துக்கொண்டோம். இரண்டு மாதம் காத்திருந்து நற்சாட்சிக் குறியுள்ள சட்டைகள் வாங்கினோம். பிள்ளைக்கு வாங்குவதில் வயதைக் கணக்கிடலாகாது. சட்டையின் உட்புறத்தில் எழுதியுள்ள உடல் எடையைப் பார்க்க வேண்டும். 'வளர்கிற பிள்ளை' என்று பெரிதாக வாங்கும் நம் வழக்கம் பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. கால்களுக்கிடையே வாருள்ளதாகப் பார்த்தெடுத்தோம். 50 நியூட்டன் வகை, நினைவிழந்தவரை மல்லாத்திப் போடாது. அது நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்கும் உதவிக்கும் அருகிலிருப்பவருக்கு மட்டுமே உரியது என்பதையும் அறிந்தோம். ஆகவே பிள்ளைக்கு அதனினும் மேலான 100 நியூட்டன் வகையை வாங்கி, நீச்சல் வகுப்பிலும் சேர்த்தோம்.

வாங்கிய சட்டைகளையும் அதே கடற்கரையில், அதே இடுப்பளவு நீரில், அதே முறையில் சோதித்தோம். பிள்ளை முன்னால் குனிந்தான். சட்டை அவனைப் பின்னால் சாய்த்தது. தோள் வாரைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தோம், காதுக்கு ஏறவில்லை.

நம் கைத்தொழிலும் வீணாகவில்லை. வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களைக் காற்றோடு மூடி, வலைப்பையில் கட்டி, கயாக்கின் முன்மூக்கிலும் பின்வாலிலும் திணித்தோம். படகில் நீர் நிறைந்தாலும் அது அடியில் போகாது. ஒன்றிரண்டு போத்தல் பழுதுபட்டாலும் நட்டம் பெரிதன்று. சமையலெண்ணெய் டப்பாவைச் சாய்வாக வெட்டி நீர் இறைக்கும் அகப்பையாக்கினோம். மிதக்கும் வகைக் கயிறு 15 மீட்டரை, மழைச்சட்டைத் துணியில் தைத்த பையில் மடிப்பு மடிப்பாக அடைத்தோம். நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீசினால், கயிறு தானே அவிழ்ந்து ஓடி, நீரிலிருப்பவன் கைக்கு எட்டும். மைதானத்தில் நூறு முறையேனும் வீசிப் பழகியிருப்போம். சட்டைக்கொன்றாக ஊதுகுழலும் கட்டினோம். பயனற்றுப்போன நம் பழைய சட்டைகளிலிருந்த நுரை, துடுப்பின் நுனியில் மாட்டும் மிதவையாயிற்று. கவிழ்ந்தவன் மீண்டும் ஏறுவதற்கு ஊன்றுகோலாக உதவும்.

இனிக் கடலைப் பற்றியும் ஒரு சொல். மலாக்கா நீரிணை பார்வைக்குச் சாது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், 'சுமத்திரா' எனப்படும் சூறை மேற்கிலிருந்து விடியற்காலையிலோ காலையிலோ பாய்ந்து வரும். வானம் அவ்விளிம்பில் கறுத்தால் எச்சட்டையையும் நம்பாது கரையேறிவிட வேண்டும். சட்டை என்பது கடைசிக் காவல். முதற்காவல் கண்ணும் அறிவும்.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் நான்கிலொரு பங்கினர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோர் கயாக்கு ஏறிய உல்லாசப் பிரயாணிகளல்லர். வாய்க்காலோரத்தும் குளத்தோரத்தும் வாழும் ஏழைகளின் பிள்ளைகள். ஆதலின் இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சென்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நீரருகில் வீடிருந்தால் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள். கயிறொன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மிதவை எதுவாயினும், தைத்ததாயினும் வாங்கியதாயினும், ஆழமில்லா நீரில், அருகில் ஆள் நிற்க, முதலில் உங்கள் உடம்பில் சோதியுங்கள்.

சென்ற ஞாயிறு கயாக்கை நீரில் தள்ளும்போது மருமகன் நம்மை நிறுத்தி, நம் சட்டையின் கொக்கி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். ஒன்று தளர்ந்திருந்தது. "மாமா, இதைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டு, தானே இறுக்கினான்.